எண்ணெய் முகத்தில் நான் இழுத்த கோடு

முதலில் அந்த டப்பாவை மூடிக் கீழே வையுங்கள். பன்னிரண்டு நிறம் இருக்கிறதாமே அதில்? எனக்குத் தெரிந்து மனித முகத்தில் அத்தனை நிறம் வர வேண்டுமென்றால் மஞ்சள் காமாலையும் அம்மையும் சேர்ந்தே வர வேண்டும்.

இந்தப் பார்லரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது ஊக்கமாகப் பேசும்படி உங்கள் முதலாளியம்மா கேட்டுக்கொண்டார். ஊக்கம் என்னிடம் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கல்யாணப் பெண்களை அலங்கரித்த கை இது. என்னிடம் இருப்பதெல்லாம் செய்த தப்புகள்தான். அதில் பெரியதை எடுத்துச் சொல்கிறேன். நேற்று உங்களில் ஒருத்தி, எண்ணெய் மினுங்கும் ஒரு முகத்தில் நெய் மாதிரி உருகும் குச்சியால் பட்டை பட்டையாகப் பழுப்பு நிறத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். "என்னளா இது?" என்று கேட்டேன். "கான்டூர் ஆன்ட்டி. முகம் ஒல்லியாத் தெரியும்" என்றாள். குச்சியை அவள் கையிலிருந்து பிடுங்கி வைத்தேன். அதே மாதிரி ஒரு குச்சியால் நான் ஒரு கல்யாணத்தையே நிறுத்தியிருக்கிறேன்.

நீங்கள் கான்டூர் என்கிறீர்கள். எழுபதுகளில் அதற்குப் பெயர் ஷேடிங். முகத்தில் எங்கே பள்ளம் தெரிய வேண்டுமோ அங்கே ஒரு படி கருமை கூட்டுவது. அவ்வளவுதான் சங்கதி. கன்னம் ஒட்டினது போலத் தெரியும், மூக்கு கூர்மையாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம் பிடித்த காலம். போட்டோவில் மூக்கு தெரியாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மூக்கே இல்லை என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிடுவார்கள்.

தூத்துக்குடியில் அப்போது பார்லர் என்று பலகை வைத்த இடம் எனக்குத் தெரிந்து கிடையாது. நான் வீடு வீடாகப் போவேன். கொழும்பில் ட்ரெயினிங் எடுத்தவள் என்று சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், அங்கே ஒரு சலூனில் ஆறு மாதம் துண்டு மடித்துக் கொடுத்தேன். பக்கத்து ஊர் நாசரேத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷும் சேர்ந்துகொண்டதால் யாரும் மேலே கேட்கவில்லை. மூன்று கல்யாணம் நல்லபடியாக முடிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு நாடகக் கம்பெனி வந்து இறங்கியிருந்தது. அவர்களுடைய மேக்கப்காரரிடம் ஷேடிங் சாமான் கேட்டுப் போனேன். பீடி நாற்றம், அழுக்குப் பனியன். நெளிந்த தகர டப்பா ஒன்றைத் தூக்கிப் போட்டார். உள்ளே காய்ந்த களிமண் நிறத்தில் ஒரு வில்லை.

"எண்ணெ மூஞ்சிக்குக் காஞ்ச சாமான் போடு. காஞ்ச மூஞ்சிக்கு எண்ணெச் சாமான் போடு. மாத்திப் போட்டா ஓடிரும். போ, போ, எனக்கு வேல கெடக்கு" என்றார்.

நான் படித்தவள் அல்லவா? இந்த ஆளிடம் என்ன கற்றுக்கொள்வது என்று நினைத்து டப்பாவைப் பெட்டியின் அடியில் தள்ளினேன். அதே வாரம், கப்பல் சாமான் விற்கிற ஒருவரிடம் ஒரு குச்சி வாங்கினேன். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வர ஆரம்பித்திருந்த காலம். எந்த நாட்டு எழுத்தென்றே தெரியாத எழுத்து, தங்க நிற மூடி, திருகினால் வெண்ணெய் போல எழும்பி வரும் பழுப்பு. கொஞ்சம் ஊதா கலந்த பழுப்பு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் என் புறங்கையில் தேய்த்துப் பார்த்தேன். அடடா! ஃபாரின் ஃபாரின்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது நீங்கள் செய்வதும் இதுதான். மூடியைப் பார்த்து வாங்குகிறீர்கள். புறங்கையில் தேய்த்துப் பார்க்கிறீர்கள். புறங்கையில் எப்போதடி எண்ணெய் வடிந்தது? தாடையில் தேய்த்துக்கொண்டு, வெயிலில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து கண்ணாடி பாருங்கள். அப்போது தெரியும் சாமானின் யோக்கியதை.

சரி, கதைக்கு வருகிறேன். பெண்ணின் பெயர் ரெஜினா. ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். தாய் இல்லை. அப்பாவும் அவளும் மட்டும். அப்பாவுக்குக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி ஒன்றில் பங்கு இருந்தது. தோணிக்கார அண்ணாச்சி என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவரைத் தெரியாதவர்களுக்கும் அவர் தொண்டை தெரியும். அவர் சத்தம் போட்டால் காயப்போட்ட கருவாடு எழுந்து ஓடும் என்பார்கள்.

என்னை வேலைக்கு அழைத்தது பெண் வீடு இல்லை, மாப்பிள்ளையின் தாயார். மாமி என்றே சொல்கிறேன். பெண் பார்க்கப் போன அன்று நடந்ததை அந்த மாமியே என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"பொண்ணு கன்னத்துல ஒரு வெரல வச்சு இழுத்தேன் பாத்துக்க. வெரல்ல எண்ணெ! எல்லாருக்கும் காட்டுனேன். இந்த மூஞ்சியில அப்பளம் பொரிக்கலாம்னேன். எம்மவன் விழுந்து விழுந்து சிரிச்சான். மத்தபடி நல்ல குடும்பம்தான். நீ அந்த எண்ணெய அமத்திரு. கன்னத்தையும் கொஞ்சம் ஒட்ட வச்சிரு. போட்டோ நல்லா வரணும்."

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தச்சனிடம் மேசையைக் காட்டி இந்தக் காலை இழைத்துவிடு என்றால் அவன் மேசையைத்தான் பார்ப்பான். நானும் அப்படித்தான் பார்த்தேன். உருண்டை முகம், எண்ணெய்ச் சருமம், அகல மூக்கு. எவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

கல்யாணம் மே மாதத்தில். மாதா கோயிலில் ஒன்பது மணிப் பூசை. ஆறு மணிக்கே பெண் வீட்டுக்குப் போய்விட்டேன். ரெஜினா நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண், நேராக உட்காரும் பெண். முகத்தில் எண்ணெய் வழிந்தது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். ஆபீசில் மை ஒற்றுகிற தாள். தினமும் அதைத்தான் செய்கிறாளாம். நான் சிரித்தேன். தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கொழும்பு முறை என்று சொல்லி, எண்ணெய் வடியும் அந்த முகத்தில் கோல்ட் க்ரீமை அப்பினேன். இப்போது நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. எண்ணெய்க்கு மேல் க்ரீம், அதற்கு மேல் பேன்கேக் பூச்சு, அதற்கும் மேல் அந்தக் கப்பல் குச்சி. கன்ன எலும்புக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இரண்டு பக்கமும் இழுத்தேன், மூக்கின் ஓரங்களிலும் இழுத்தேன். கடைசியில் பவுடரை அள்ளிக் கொட்டினேன்.

கண்ணாடியில் பார்த்தால், ஆகா, செதுக்கி வைத்த சுரூபம்!

"அக்கா, இது எம்புட்டு நேரம் நிக்கும்?" என்று ரெஜினா கேட்டாள்.

"பூசை முடியுற வரைக்கும் அசையாது."

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு ஒன் மாப்பிள பாத்துக்கிடுவாரு" என்று நான் கண்ணடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்குப் பயம் இருக்கும், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எதையும் ஒரு விநாடியில் தீர்மானித்துவிடுகிற வயது எனக்கு.

இரவல் அம்பாசிடர் கார். முக்காடு பறக்கக் கூடாது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். முன் சீட்டில் அண்ணாச்சி, பின்னால் ரெஜினாவும் நானும். முன்னால் பேண்டு வாசித்துக்கொண்டு போனவர்கள் ஆமை வேகத்தில் போனார்கள். உள்ளே ஒரே அவிச்சல். வழியில் ரெஜினா வலது கையால் கன்னத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். வேர்வை என்று நினைத்தேன். அவள் அழுதிருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

கோயில் வாசலில் இறங்கி, முக்காட்டைச் சரி செய்ய அதைத் தூக்கினேன். ஐயோ மாதாவே! குச்சி உருகி இறங்கியிருந்தது. இடது கன்னத்தில் பழுப்பும் ஊதாவுமாகத் தாடை வரைக்கும் வழிசல். வலது கன்னத்தில் நாலு விரல் பதிந்த தடம். மூக்கின் ஓரத்தில் கன்றிப்போன நிறம். யாரோ ஓங்கி அறைந்த முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

நான் முக்காட்டை இறக்குவதற்குள், வாசலில் பெண்ணை வரவேற்க நின்ற பங்குச்சாமியார் பார்த்துவிட்டார். அவர் முகம் மாறிவிட்டது. திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி சில்க் சட்டைக்குள் வேர்த்து நின்றார். மூன்று வாரமாக அந்த வீட்டில் அண்ணாச்சியின் சத்தம் ஓயவில்லை என்று தெருவுக்கே தெரியும், சாமியாருக்கும் தெரியும்.

"பொண்ண உள்ள கூட்டிட்டு வாங்க. தகப்பனார் வேண்டாம். நீங்க மட்டும் வாங்கம்மா" என்று என்னிடம் சொன்னார்.

பீடத்துக்குப் பின்னால் சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற அறை. கதவைச் சாத்தினார். உள்ளே மூன்று பேர்தான்.

"ரெஜினா, பயப்படாத. யாரு அடிச்சா?"

ரெஜினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் கண்ணாடி பார்க்கவில்லையே. அவள் என்னைப் பார்த்தாள். சாமியாரும் என்னைப் பார்த்தார்.

பிள்ளைகளே, இங்கேதான் கவனிக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. பத்து எண்ணுகிற நேரம் சும்மா நின்றேன். வெளியே முந்நூறு பேர். இது அடி இல்லை, என் கைவேலை என்று சொன்னால் அன்றோடு என் பிழைப்பு போச்சு. சொல்லாவிட்டால் என்ன? அண்ணாச்சி அடித்தார் என்று போகும். எப்படியும் முரட்டு ஆள்தானே, ஊர் நம்பும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கன்னத்தில் வைக்கிற கோடு தப்பாகப் போவது பெரிய தப்பில்லை. போன பிறகு அந்தப் பத்து எண்ணுகிற நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் தொழில்.

"சாமி, அடி இல்ல. நான் போட்ட ஷேடிங். உருகிட்டு" என்றேன். அவள் கைப்பையில் மிச்சமிருந்த ஒற்றுத்தாள் ஒன்றை எடுத்து அவள் கன்னத்தில் அழுத்தி எடுத்துக் காட்டினேன். தாள் முழுக்கப் பழுப்பு. கன்னத்தில் காயமும் இல்லை, வீக்கமும் இல்லை.

சாமியார் நீளமாக மூச்சு விட்டார். "இதுக்கா நான் இந்தப் பாடு பட்டேன்? முகத்தக் கழுவிக் கூட்டிட்டு வாங்கம்மா. நேரமாச்சி" என்று கதவுப் பக்கம் திரும்பினார்.

"சாமி, இன்னொரு கேள்வி கேளுங்க" என்றாள் ரெஜினா.

"என்ன கேள்வி?"

"ஓலை எழுத வந்தப்ப ஒரு கேள்வி கேட்டீக. முழு மனசோடதான் சம்மதிக்கியான்னு. அப்ப எங்கப்பா பக்கத்துல இருந்தாக. இப்ப இல்ல. இப்பக் கேளுங்க."

ஓலை எழுதுவது என்றால், கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசிப்பதற்கு முன்னால், பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாமியார் விசாரித்து எழுதிக்கொள்வது. தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். தாயில்லாப் பெண்ணாயிற்றே என்று தகப்பனையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். சாமியார் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அதே கேள்வியை அட்சரம் பிசகாமல் கேட்டார்.

"இல்ல சாமி. சம்மதம் இல்ல" என்றாள் ரெஜினா.

சாமியார் அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, என்னோடு வெளியே வந்தார். அதற்குள் வெளியே வேறு கல்யாணமே நடந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி மகளை அறைந்தார் என்றார் ஒருவர். அறையவில்லை, துடுப்பால் அடித்தார் என்றார் இன்னொருவர், பக்கத்தில் நின்று பார்த்தவர் போல. அண்ணாச்சி கார் ஓரத்தில் தனியாக நின்றார். அவரைச் சுற்றிப் பத்தடிக்கு யாரும் இல்லை.

மாமியின் ஆராய்ச்சி தனி. "அடியும் இல்ல, கிடியும் இல்ல. அது தோல் வியாதி. படை. அன்னைக்கே வெரல்ல ஒட்டுச்சே! மறைச்சுக் கட்டி வைக்கப் பாத்தானுக. எம்மவன மாதா காப்பாத்திட்டா" என்று எல்லோரும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பேச்சு நாலு வீடு தாண்டினால் ரெஜினாவின் கதி என்ன? இவனை வேண்டாம் என்று சொன்னவளை இனி எவனும் வேண்டாம் என்பான். பெட்டியைத் திறந்து அந்தக் குச்சியை எடுத்தேன். எனக்கும் எண்ணெய் முகம்தான். எல்லோரும் பார்க்க என் இரண்டு கன்னத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு இழுத்துக்கொண்டு, கோயில் முற்றத்தில் நட்டநடு வெயிலில் நின்றேன்.

"இவளுக்குக் கோட்டி பிடிச்சிட்டா?" என்றாள் மாமி.

"கொஞ்சம் பொறுங்க மாமி. பூசைக்குக் காத்திருக்கீகளா இல்லியா, அதுபோல இதுக்கும் காத்திருங்க" என்றேன்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. தூத்துக்குடி மே மாதம் யாருக்கும் கடன் வைப்பதில்லை. கன்னத்தில் குச்சி இறங்குவது எனக்கே தெரிந்தது. கையை வைத்து அழுத்தி எடுத்தேன். கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை, "அம்மா, இந்த அக்காவையும் அடிச்சிட்டாக" என்று அழ ஆரம்பித்தது. அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"பாத்துக்கிடுங்க. அண்ணாச்சி அடிக்கல. பொண்ணுக்கு வியாதியும் இல்ல. எண்ணெ மூஞ்சிக்கு எண்ணெச் சாமானப் போட்டது நான்தான். எனக்குத் தொழில் தெரியல" என்று உரக்கச் சொன்னேன்.

மாமி என்ன சொன்னாள் தெரியுமா? "வெறும் சாயம்தானா? அப்பச் சரி. மூஞ்சியக் கழுவிக் கூட்டியா. தாலி கட்டட்டும்" என்றாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் படை வந்த பெண், இப்போது மறுபடியும் மருமகள்!

"பொண்ணுக்குச் சம்மதம் இல்ல. இன்னைக்குக் கல்யாணம் இல்ல" என்றார் சாமியார் படியில் நின்று.

"சம்மதம் இல்லையா? எம்மவனுக்கு என்ன கொறச்சல்?"

சாமியார் பதில் சொல்வதற்குள் ரெஜினா வெளியே வந்துவிட்டாள். கழுவின முகம். கழுவி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் மினுங்க ஆரம்பித்திருந்தது. நேராக மாமியிடம் வந்து நின்றாள்.

"அன்னைக்கு ஒங்க மகன் சிரிச்சாக மாமி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். மாப்பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

அதன் பிறகு என்னை யார் கூப்பிடுவார்கள்? ஒரு வருஷம் ஒரு கல்யாணமும் இல்லை. கைச்செலவுக்கு ஜாக்கெட் தைத்தேன். அந்த ஒரு வருஷத்தில்தான் நாடகக்காரர் கொடுத்த காய்ந்த வில்லையை எடுத்து என் மூஞ்சியிலேயே போட்டுப் போட்டுப் பழகினேன். அதனால் இப்போது கேளுங்கள். எண்ணெய்ச் சருமத்துக்குக் காய்ந்த பவுடர்தான், அதுவும் மினுமினுப்பு இல்லாத பவுடர். முதலில் எண்ணெயை ஒற்றி எடுங்கள், எண்ணெய்க்கு மேல் பவுடரைக் கொட்டிக் களி கிண்டாதீர்கள். அவள் நிறத்துக்கு ஒரு படி, மிஞ்சிப்போனால் இரண்டு படி கூடுதல் கருமை போதும். ஊதாவும் சிவப்பும் கலந்த பழுப்பை எடுக்காதீர்கள், அது வெயிலில் கன்றின காயம்தான். கையில் எடுத்ததில் பாதியைத் தட்டிவிட்டு மீதியைப் போடுங்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பவுடரில் இன்னொரு வசதி, தப்பாகப் போனால் துடைத்துவிடலாம். குச்சி அப்படி இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, கன்னம் ஒட்ட வேண்டும் என்பது யாருடைய ஆசை என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கல்யாணம் நின்றதற்கு மறுநாள் காலையில் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். இன்றைக்கு நிஜமாகவே ஒரு கன்னம் கன்றப்போகிறது, அது என் கன்னம்தான் என்று நினைத்தேன். அவர் சத்தமே போடவில்லை. உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன், அது ஆறும் வரைக்கும் தொடவில்லை.

"நான் அடிக்கலன்னு அத்தன பேரு முன்னால நீ சொன்னியே தாயி, அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

"என் தப்புதான அண்ணாச்சி."

"எம்பிள்ள மேல நான் ஒருநாளும் கை வச்சது இல்ல. சத்தம் போடுவேன். கை வச்சது இல்ல." ஆறின காப்பியை ஓரமாகத் தள்ளிவைத்தார். "அங்கன நின்னவுக பூராவும் என்னயச் சின்ன வயசுலேருந்து தெரிஞ்சவுக. ஒருத்தராவது, சே, இவன் அடிச்சிருக்க மாட்டான்னு சொல்லணுமில்ல? ஒருத்தரும் சொல்லல. பாத்த ஒடனே நம்பிட்டாக. எப்பிடி தாயி நம்புனாக?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்கு முந்தின நாள் பத்து எண்ணுகிற நேரம் சும்மா நின்றவள் நான். இன்னொரு முறை பூசி மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

"அந்தச் சாயத்தப் போட்டது நான்னு எனக்குத் தெரிஞ்சிருக்காட்டி, நானும் நம்பியிருப்பேன் அண்ணாச்சி" என்றேன்.